குழாய்க்குள் ஒரு லைன்மேன்

வீரவநல்லூர் எல்லையைத் தாண்டும்போது வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. தோளில் துணிப்பை, கக்கத்தில் பிவிசி குழாய். காலையில் பிசைந்த மைதா இன்னும் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊர்ப் புரோட்டாக் கடையில் நான் மாவு பிசைகிறவன். மத்தியானத்தோடு அந்த வேலை முடிந்துபோனது. முடித்தது நான்தான். முதலாளிக்கு அதில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

"என்னவே, வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார்.

"வீடே இல்லியே அண்ணாச்சி. பத்தமடையில ஒரு படம் இருக்காம். பாக்கணும்."

"பத்தமடையில ஏதுவே தியேட்டரு?"

"சினிமா இல்ல. வரஞ்ச படம். காமிக்ஸ் பக்கம்."

கல்லாவில் இருந்தபடியே அவர் என் குழாயைப் பார்த்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு மழை நாளில், கடையில் ஆள் இல்லாத நேரம், விரித்துக் காட்டியிருக்கிறேன்.

"ஜட்டிய வெளிய போட்டுக்கிட்டுப் பறப்பானே, அவனுக்காகவா வேலைய விடுதீரு?"

"எங்க ஆளு அரை டவுசர் போட்டிருப்பான் அண்ணாச்சி. காக்கி."

"அப்பம் மரியாதைப்பட்ட ஆளுதான். போயிட்டு வாரும்" என்று சொல்லி, வழிக்கு இரண்டு புரோட்டா கட்டிக் கொடுத்தார்.

முதலில் பஸ்ஸில்தான் ஏறினேன். பள்ளிக்கூடம் விட்ட கூட்டம். குழாயின் மூடி ஒரு பெரியவரின் விலாவில் இடித்தது. அவர் திரும்பி, "பிளம்பரா?" என்றார். இல்லை என்றேன். பிளம்பர் என்றிருந்தால் மன்னித்திருப்பார் போல. கண்டக்டரைக் கூப்பிட்டார். கண்டக்டர், "அந்தப் பைப்ப வெளிய போடும், இல்லன்னா நீரும் சேந்து எறங்கும்" என்றார். சேர்ந்தே இறங்கினேன். சேரன்மகாதேவி போய் அதற்கப்புறம் பத்தமடை. நடக்க முடியாத தூரம் ஒன்றும் இல்லை. புரட்டாசி மாதம், கால்வாயில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. கார் நெல் அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோலைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புரோட்டாவைத் தின்றுகொண்டே நடந்தேன்.

குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். காமிக்ஸ் புத்தகம் அச்சாவதற்கு முன்னால், ஓவியர் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய கெட்டித் தாளில் கறுப்பு மையால் வரைவார். அதைப் போட்டோ எடுத்துச் சுருக்கித்தான் அச்சடிப்பார்கள். புத்தகம் ஆயிரம் பேரிடம் இருக்கும், வரைந்த தாள் உலகத்தில் ஒன்றுதான் இருக்கும். என் குழாய்க்குள் இருந்தவை அப்படிப்பட்ட தாள்கள். எல்லாம் ஒரே கதை. கடைசிப் பக்கம் மட்டும் இல்லை.

அந்தக் கதையை நான் முதலில் படித்தது எங்கள் ஊர் சலூனில். எங்கள் ஊர் களக்காட்டுப் பக்கம். அப்பா கூலிக்கு நாற்று நட, அறுக்கப் போவார். நான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். நின்றதில் பள்ளிக்கூடத்துக்கும் வருத்தம் இல்லை, எனக்கும் இல்லை. சலூனில் ஒரு காமிக்ஸ் புத்தகம், யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் பெஞ்சோடு சணலால் கட்டிக் கிடந்தது. கதாநாயகன் நம் ஊர்க்காரன். கரண்டு ஆபீஸ் லைன்மேன். தாமிரபரணிக் கரையில் போஸ்ட் மேல் இருக்கும்போது இடி விழுகிறது. அன்றிலிருந்து கம்பியில் ஓடும் கரண்டை உடம்பில் வாங்கிக்கொண்டு பறப்பான். பகலில் கரண்டு போன வீடுகளுக்குப் பீஸ் போடுவான், ராத்திரியில் மேலங்கி கட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுவான். வரைந்தவருக்கு வெட்கம் போலிருக்கிறது, மற்ற நாட்டு வீரர்கள் ஜட்டி போடுகிற இடத்தில் இவனுக்குக் காக்கி அரை டவுசர் போட்டுவிட்டார்.

வில்லன் ஆற்றையே திருடப் பார்க்கிறவன். கடைசியில் லைன்மேன் அவனைத் துரத்திக்கொண்டு உயரமான மின்கோபுரத்தின் உச்சிக்குப் போகிறான். வில்லன் ஜில்லா முழுக்கக் கரண்டை நிறுத்திவிடுகிறான். லைன்மேன் உடம்பில் சக்தி இல்லை. தலைகீழாக விழுகிறான். மேலங்கி முகத்தை மூடியிருக்கிறது. "கரண்டு போச்சே" என்று நினைக்கிறான்.

அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. கடைசித் தாள் கிழிந்திருந்தது.

"கடைசித் தாள் எங்கண்ணே?" என்று சலூன்காரரைக் கேட்டேன்.

"அதுலதாம்லே நேத்து ஒரு வாத்தியாருக்குச் சவரம் பண்ணி நுரை தொடச்சேன்."

"முடிவு என்ன ஆச்சு?"

"வாத்தியாருக்கா? வழுவழுன்னு இருந்துச்சு."

வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை. அந்தச் சின்ன அச்சகம் அந்த ஒரு கதையைப் போட்டுவிட்டு மூடிக்கொண்டது. நான் ஊரை விட்டுக் கிளம்பி, லாரியில் கிளீனராக, செங்கல் சூளையில், பந்தல் போடுகிற இடத்தில் என்று சுற்றினேன். லைன்மேன் விழுந்துகொண்டே இருந்தான். ஒரு தடவை திருவனந்தபுரத்தில் கட்டட வேலையில் சாரம் சரிந்து நானும் விழுந்தேன். விலாவில் இரண்டு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், அவனுக்கும் இப்படி ஏதாவது கட்டுப் போட்டிருப்பார்களா, இல்லை அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டானா என்ற யோசனைதான். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரிடம் சொன்னேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டு, "இவருக்குத் தலையிலயும் அடிபட்டிருக்கான்னு பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் திருநெல்வேலியில் பழைய பேப்பர் கடை ஒன்றில் எடை போடுகிற வேலை. ஒருநாள் கட்டைப் பிரித்தபோது பெரிய தாள் ஒன்று உருண்டு வந்தது. விரித்தேன். லைன்மேன். புத்தகத்தில் பார்த்ததைப்போல இரண்டு மடங்கு பெரியவன். மை பட்ட இடம் கையால் தடவினால் லேசாகத் தட்டுப்பட்டது. அடியில் நீலப் பென்சில் கோடுகள், காமிராவுக்கு அவை தெரியாதாம். தப்பாய்ப் போன ஒரு கையை வெள்ளைப் பெயின்ட் பூசி மறைத்து, மேலே வேறு கை வரைந்திருந்தார். ஓரத்தில் "இங்கே புகை இன்னும் வேணும்" என்று எழுதி, பிறகு அவரே அதை அடித்து "போதும்" என்று எழுதியிருந்தார். டீ கிளாஸ் வைத்த வட்டம் ஒன்று. அச்சுப் புத்தகத்தில் ஒரு வீரனைத்தான் பார்த்தேன், இதில் ஒரு மனுஷன் உட்கார்ந்து அந்த வீரனை உண்டாக்குவதைப் பார்த்தேன். கடை அண்ணாச்சி, "வேணும்னா எடுத்துக்கிடும்" என்றார்.

மற்ற பக்கங்கள் எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார். கெட்டித் தாள், உடனே போய்விடும், ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். யார் யார் என்பதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அப்படித்தான் இது தொடங்கியது. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஒருவர் ஒரு பக்கத்தைக் காலர் அளவுக்கு வெட்டி மாதிரி வைத்திருந்தார். அட்டையில் அதே அளவு வெட்டிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் லைன்மேனுக்கு ஒரு கால் கிடையாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் களை வெட்டப் போனபோது, தொழிலாளர் லைன் வீடு ஒன்றின் உடைந்த ஜன்னலில் இன்னொரு பக்கம் ஒட்டியிருந்தது. அந்த வீட்டம்மா, "கண்ணாடிய மாட்டிட்டு நீ அத எடுத்துக்கோ, குளிரு தாங்காது" என்றார். கீழே இறங்கிக் கண்ணாடி வாங்கி, மலைப்பாதைப் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மடியில் வைத்துக் கொண்டுபோனேன். இப்போது அந்த வீடுகளில் ஆள் இல்லை, தோட்டத்தை மூடியதும் எல்லாரும் மலையிறங்கிவிட்டார்கள். என் கண்ணாடி அங்கேதான் இருக்கும்.

இப்படி எல்லாம் சேர்ந்தது, கடைசியைத் தவிர. புரோட்டாக் கடை வேலையை விட்ட அன்று மத்தியானம்தான் பழைய பேப்பர் கடை அண்ணாச்சி போன் பண்ணினார். "ஏ, உம்ம ஆளு விழுந்து என்ன ஆனாம்னு பத்தமடையில ஒரு பாய்க்குத் தெரியுமாம் வே. வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவரு. அவருகிட்ட அந்தப் பக்கம் இருக்கு."

பத்தமடைக்குள் நுழையும்போது நிழல் நீண்டுவிட்டது. ஒரு தெருவில் பாய் பின்னுகிற கோரையை வாசலில் காயப்போட்டிருந்தார்கள். அதை அள்ளிக்கொண்டிருந்த பெண்ணிடம் பாய் வீட்டை விசாரித்தேன். அவள் குழாயைப் பார்த்துவிட்டு, "மூணாவது வீடு. சீக்கிரம் போங்க, அந்தக்கா காலையில இருந்து திட்டிக்கிட்டு இருக்கு" என்றாள்.

யாரை, எதற்கு என்று யோசிப்பதற்குள் அந்த வீட்டுக் கதவு திறந்தது. அறுபது வயதிருக்கும் பாய், கைலியும் பனியனுமாக நின்றார்.

"வாரும் வே. நாலு நாளா சொல்லிவிட்டு இப்பந்தான் வாரீரு. பின்னால போம், அங்கனதான் ஒழுகுது."

நான் வாயைத் திறக்குமுன் கொல்லைக்குப் போய்விட்டிருந்தோம். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. வாசர் தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். நானும் கொஞ்ச காலம் அந்த வேலை பார்த்தவன். பழைய செருப்பு ஒன்று கேட்டு, ரப்பரை வட்டமாக வெட்டி, உள்ளே போட்டு முடுக்கினேன். ஒழுகுவது நின்றது. மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் பைப்பும் ஒரு முழம் மாற்ற வேண்டும் என்று காட்டினார்கள். அதன் பிறகுதான், "பாய், நான் பிளம்பர் இல்ல" என்றேன்.

பாயின் மனைவி தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். "பொறவு யாரு?"

குழாயின் மூடியைத் திறந்து, முதல் தாளின் ஓரத்தை மட்டும் வெளியே இழுத்துக் காட்டினேன். பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாய்க்கு இந்தப் பித்து வெளிநாட்டில் பிடித்தது. அங்கே ஒரு பணக்கார அரபி வீட்டில் கார் ஓட்டினார். நடுக்கூடத்தில், மற்ற வீடுகளில் மெக்கா படம் மாட்டுகிற உயரத்தில் இல்லாமல் கொஞ்சம் கீழே, மேலங்கி போட்டுப் பறக்கிற ஒருவனின் கறுப்புவெள்ளைப் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததாம். வயதான மனுஷன் தினமும் வெளியே கிளம்புமுன் அதன் எதிரில் நிற்பார். "சின்னப்புள்ளைக பாக்குதத இவரு ஏன் பாக்குதாருன்னு நெனச்சேன். ஒருநாள் அவரே கூப்பிட்டுக் காட்டுனாரு. அச்சு இல்ல வே, கையால வரஞ்சது. வெள்ளப் பெயின்ட் தடவுன எடத்தயெல்லாம் காட்டுனாரு. அன்னைக்கு எனக்கும் புடிச்சுக்கிட்டு." ஊருக்குத் திரும்பிய பிறகு மேலப்பாளையத்தில் ஒரு கடையில் பேரீச்சம்பழப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த தாளைப் பார்த்து வாங்கி வந்தார். அதுதான் அவரிடம் இருக்கிற ஒரே பக்கம்.

"அதுல ஒருத்தன் மேல இருந்து விழுதான் வே. நேரா வந்து..."

"சொல்லாதீங்க பாய்" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

"ஏன்?"

"சின்ன வயசுல இருந்து அதுக்குத்தான் காத்திருக்கேன்."

"நானும்தான் வே காத்திருக்கேன். அவன் ஏன் விழுதான்? யாரு தள்ளிவிட்டது? ஒண்ணும் தெரியாம இந்த ஒரு பக்கத்தையே இத்தன வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்."

முடிவு மட்டும் தெரிந்தவர் அவர், முடிவு மட்டும் தெரியாதவன் நான். பிறகு அவர் உள்பக்கம் திரும்பி, "ஏளா, அத எடுத்துட்டு வா. கவுத்து எடுத்துட்டு வா, இவரு பாக்கக் கூடாதாம்" என்றார்.

அக்கா பீரோவைத் திறந்தார். தாள் வரும்போது ஒரு சத்தம் வந்தது. தாள் போடுகிற சத்தம் இல்லை அது. தகரம் நெளிகிற மாதிரி, கடகட என்று. விளக்கு வெளிச்சம் அதன் முதுகில் பட்டு வழுக்கியது.

"அக்கா, இது லேமினேஷனா?"

"ஆமா தம்பி. கெட்டுப்போயிரக் கூடாதுல்லா. பாளையங்கோட்டையில கோர்ட்டுக்கு எதுத்தாப்புல மேப்புக்குப் போடுத பெரிய மிசுனு இருக்கு. எம் மக சர்டிபிகேட்டு, வீட்டுப் பத்திரம், இது, எல்லாத்துக்கும் ஒரே நாள்ல போட்டுட்டு வந்தேன்."

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்த அரபி பாத்தா அழுதுருவாரு வே. நான் ரெண்டு நாளு இவகிட்டப் பேசல."

"பேசலன்னா என்ன, சாப்புட்டாக" என்றார் அக்கா. "போன வருசம் மழைக்குக் கூரை ஒழுகி பீரோவுக்குள்ள தண்ணி போச்சே. இவுக கல்யாணப் போட்டோ கூடக் கரைஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சு."

இப்படிப்பட்ட தாளைச் சூடான பிளாஸ்டிக்குக்குள் விட்டால் அப்புறம் யாராலும் எடுக்க முடியாது, மையைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. ஆனால் நம் ஊரில் ஒரு காகிதத்தை மதிக்கிறோம் என்றால் அதற்கு லேமினேஷன் போடுவதைத் தவிர வேறு என்ன மரியாதை இருக்கிறது? ரேஷன் கார்டுக்கு, சர்டிபிகேட்டுக்கு, கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிறோம். அக்கா லைன்மேனை அந்த வரிசையில் வைத்திருக்கிறார்.

முதலில் என் கதை, அப்புறம் அவர் முடிவு என்று பேசிக்கொண்டோம். அக்கா ஒரு பெரிய கோரைப்பாயை விரித்தார். நான் தாள்களைக் குழாயிலிருந்து உருவினேன். வருஷக்கணக்காகச் சுருண்டு கிடந்தவை, விரித்தால் திரும்பவும் சுருண்டுகொண்டன. சீனி டப்பா, அம்மிக் குழவி, ஒரு இரும்புப் பூட்டு என்று மூலைக்கு ஒன்றாக வைத்தோம்.

அக்கா குனிந்து பார்த்து, "எழுத்தெல்லாம் எங்க?" என்றார்.

அது என் குறைதான். பேச்சு எழுதிய தாள்துண்டுகளைத் தனியாக எழுதி, அந்தந்த வட்டத்தில் பசையால் ஒட்டுவார்கள். பசை காய்ந்து, நான் சுருட்டிச் சுருட்டி விரித்ததில் எல்லாம் உதிர்ந்துவிட்டன. கொஞ்சம் துண்டுகளைத் தீப்பெட்டியில் வைத்திருந்தேன். எல்லா ஆட்களும் வாய் திறந்திருக்க, பேச்சு மட்டும் வெள்ளையாக இருந்தது.

"உதிந்து போச்சு அக்கா."

"லேமினேசன் போட்டிருந்தா உதிந்திருக்குமா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

எழுத்து இல்லாவிட்டாலும் எனக்கு எல்லாம் மனப்பாடம். வெள்ளை வட்டங்களில் விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகச் சொன்னேன். வில்லனுக்குக் கட்டைக் குரல், கரண்டு ஆபீஸ் மேலதிகாரிக்கு மூக்கால் பேச்சு. பாய் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். இடையில் அக்காவின் தம்பி வந்தார். போஸ்ட் நடுவது, கம்பி இழுப்பது என்று கரண்டு ஆபீஸுக்குக் கான்டிராக்ட் வேலை எடுத்துச் செய்கிறவர். நாளை மாதாந்திரப் பராமரிப்பு, ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திக் கிளை வெட்ட வேண்டும், வருகிறேன் என்ற ஆள் கைவிட்டுவிட்டான் என்று புலம்பிக்கொண்டே வந்தவர், விரித்த கோரைப்பாயைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தானும் உட்கார்ந்தார்.

"யாரு மச்சான் இவன்? கையில கிளவுஸு இல்லாம போஸ்ட்ல ஏறுதான்."

"பறக்குத ஆளு மாப்ள."

"பறந்தா என்ன? எர்த் ராடு மாட்டல, இடுப்புல பெல்ட்டு இல்ல. அதாம் இடி விழுந்துச்சு."

"இடி விழுந்தாத்தாம்லே கத."

"அப்பம் பெல்ட்டாவது போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் தள்ளு என்று எனக்குக் கையைக் காட்டினார்.

கோபுரத்துக்கு வந்தோம். கரண்டு நின்றது. லைன்மேன் தலைகீழாக விழுந்தான். "இவன்தானா!" என்றார் பாய். அவர் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவனின் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தார், ஏனென்றால் அவரிடம் இருந்த பக்கத்தில் முதல் கட்டத்தில் மேலங்கி அவன் முகத்தை மூடியிருந்ததாம், மற்றக் கட்டங்களில் கடுகளவுதான் தெரியுமாம்.

அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கவிழ்த்து வைத்திருந்த அந்தப் பளபளப்பான தாள் என் முன்னால் இருந்தது. எனக்கு உடனே திருப்ப மனம் வரவில்லை. இத்தனை காலம் அவன் விழுந்துகொண்டிருந்தான் என்றால், இன்னும் சாகவில்லை என்றும் ஆகிறது. திருப்பினால் ஏதோ ஒன்று முடிவாகிவிடும்.

"திருப்பும் வே. சோறு ஆறுது" என்றார் அக்காவின் தம்பி.

திருப்பினேன். எழுத்தெல்லாம் ஒன்றுகூட உதிராமல் இருந்தது.

முதல் கட்டத்தில் விழுகிறான். இரண்டாவதில், கீழே சாலையில் ஒரு வைக்கோல் லாரி. நான் அன்று வழியில் பார்த்தது மாதிரியே, மலைபோல் ஏற்றிக் கயிறு கட்டியது. மூன்றாவதில் இரண்டு கால் மட்டும் வைக்கோலுக்கு வெளியே தெரிகிறது, காக்கி டவுசரோடு. லாரி டிரைவருக்கு ஒன்றும் தெரியவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுகிறார். பெரிய கட்டத்தில், வில்லனை அறுப்புக்காரப் பெண்கள் அரிவாளோடு சுற்றி நிற்கிறார்கள். ஒருத்தி, "எங்க ஆத்தைத் திருட வந்தியா?" என்கிறாள்.

கடைசிக் கட்டம். மறுநாள் காலை. லைன்மேன் ஒரு கையில் மாவுக்கட்டோடு ஏணியில் நிற்கிறான். மேலங்கி கிடையாது. கீழே யாரோ ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், முதுகு மட்டும் தெரிகிறது. வாசலில் நிற்கிற ஒரு அம்மா கேட்கிறாள்: "ஏய்யா, கரண்டு எப்ப வரும்?"

லைன்மேன் சொல்கிறான்: "அஞ்சு நிமிஷம்."

முடிந்தது. வலது மூலையில் சின்னதாக ஒரு காக்கா கம்பியில் உட்கார்ந்திருக்கிறது.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். விலாவில் பழைய எலும்பு வலிக்கிறவரை சிரித்தேன். அக்காவின் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "சரியாத்தான எழுதியிருக்கான். எல்லாரும் அதத்தான கேக்காக" என்றார்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு அந்தத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "கொண்டு போம். எல்லாம் ஒண்ணா இருக்கணும். எனக்குக் கத தெரிஞ்சு போச்சு."

விலை பேசலாம் என்று வந்தவன் நான். இதை எதிர்பார்க்கவில்லை. வாங்கிக் குழாயில் போடப் பார்த்தேன். அது சுருளவில்லை. பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து வளைத்தோம். கடக் என்றது. "பைய, பைய" என்று அக்கா கத்தினார். "கோடு விழுந்தா வெடிச்சுரும்." அவர் தம்பி குழாயைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "எட்டு இஞ்சு பைப்பு வேணும் மச்சான், இதுக்குள்ள போவாது" என்றார். எட்டு அங்குலக் குழாயைத் தூக்கிக்கொண்டு எந்தப் பஸ்ஸில் ஏறுவது?

அக்காதான் என்னைக் காட்டி அதை முடித்து வைத்தார். "அது தம்பி கூட வராது. தம்பிதான் அது கூட இருக்கணும்."

அக்காவின் யோசனைப்படி, என் தாள்களை அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தி, கோரைப்பாய்க்கு அடியில் விரித்து, மேலே அரிசி மூட்டையை நகர்த்தி வைத்தோம். சுருள் எடுபடக் கொஞ்ச நாள் ஆகும். லேமினேஷன் தாள் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது, தட்டையாக, எந்தக் கவலையும் இல்லாமல். கல்லூரியில் படிக்கிற பாயின் மகள் லீவுக்கு வந்ததும், நான் சொல்லச் சொல்ல எழுத்தை எழுதி வட்டங்களில் ஒட்டுவாள் என்று அக்கா அறிவித்தார். ஒட்டின பிறகு என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியும். பாய்க்கும் தெரியும்.

சோறு போடும்போது அக்காவின் தம்பி கேட்டார்: "வேலை வெட்டி ஏதும் இருக்காவே?"

"மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு."

"காலையில ஏணி புடிக்க ஆளு இல்ல. வாரீரா?"

முன்கூடத்தில் படுத்துக்கொண்டேன். விடிந்து முகம் கழுவக் கொல்லைக்குப் போனால், உண்மையான பிளம்பர் வந்து அந்த மழைத்தண்ணீர்ப் பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழம் நாலு இஞ்சு பைப்பு வேண்டுமாம், வாங்க டவுனுக்குப் போக வேண்டும் என்றார். அக்கா மூலையில் சாய்த்து வைத்திருந்த என் குழாயைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வாசலைத் தாண்டும்போது ரம்பச் சத்தம் கேட்டது.

ஊர் முழுக்கக் கரண்டு நிறுத்தியிருந்தார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்து வேப்பமரத்தில் கம்பியைத் தொட்டுக்கொண்டு கிளைகள். அரிவாளோடு மேலே ஏறியவர் இடுப்பில் பெல்ட் மாட்டியிருந்தார், கையில் கிளவுஸ் போட்டிருந்தார், அக்காவின் தம்பி இரண்டு தடவை சரிபார்த்தார். நான் ஏணியின் அடிக்காலில் காலை மிதித்து, இரண்டு கையாலும் பிடித்து நின்றேன். தலையில் வேப்பிலை விழுந்துகொண்டிருந்தது.

எதிர் வீட்டு வாசலில் ஒரு அம்மா இட்லி மாவுச் சட்டியோடு வந்து நின்றார். கிரைண்டரில் பாதி மாவு நின்றுபோயிருக்கும்.

"ஏய்யா, கரண்டு எப்ப வரும்?"

மேலே இருந்தவருக்குக் கேட்கவில்லை.

"அஞ்சு நிமிஷம்" என்றேன் நான்.

அந்த அம்மா நம்பாமல் உள்ளே போனார். அக்காவின் தம்பி ரோட்டோரத்திலிருந்து, "ஏன்வே பொய் சொல்லுதீரு? மூணு மணி வரைக்கும் வராது" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரும் சிரித்துவிட்டார். மேலே கிளை ஒன்று முறிந்தது. ஏணி ஒரு தடவை ஆடியது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.